கொக்கி இல்லாத சிவப்பு வண்டி

அன்பு மகளுக்கு,

இங்கே உன் அப்பா நலம், புதிதாக ஓடு மாற்றிய கூரை நலம், என் முழங்கால் மட்டும் சுமாரான நலம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கக் கொஞ்சம் தெம்பு தேவைப்படும். வழக்கமாகப் பட்டாணி என்று உன்னைக் கூப்பிட்டுத்தான் ஆரம்பிப்பேன், இன்றைக்கு அது வாயிலும் வரவில்லை, பேனாவிலும் வரவில்லை. போனில் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் 'மீட்டிங்மா, அப்புறம் கூப்பிடறேன்' என்று வைத்துவிடுகிறாய், அது ஒன்று. இன்னொன்று, நான் போனைக் கையில் எடுத்தாலே உன் அப்பா தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், அவர் காதில் விழக் கூடாத விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன், முதலில் உன்னைத் திட்ட வேண்டியது நிறைய இருக்கிறது.

நீ அனுப்பிய சிவப்பு வண்டி போன வியாழக்கிழமை வந்து வாசலில் நின்றது. பக்கத்து வீட்டு டீச்சர் சோப்புக் கையோடு வெளியே வந்து பார்த்தார். உன் அப்பா மூன்று சுற்று சுற்றி வந்து, சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கச் சொன்னார். கதவைத் திறந்தால் அது நம்மை வரவேற்கிறது, சீட் சூடாகிறது, கூரை தானாகத் திறக்கிறது, பின்பக்கம் நாலு சக்கர ஓட்டம் என்று வெள்ளி எழுத்தில் ஒட்டியிருக்கிறது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன், பெண் வாங்கிக் கொடுத்த வண்டி என்று ஒரு அரைமணி நேரம் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குப் பிறகு பின்னால் போய் மண்டிபோட்டு அடியில் பார்த்தேன். டிரெய்லர் மாட்டுகிற கொக்கி இல்லை. சரி, கொக்கியைத் தனியாக மாட்டிக் கொடுப்பார்கள் போல என்று கையை உள்ளே விட்டுத் தடவினேன். கொக்கியைத் தாங்குகிற இரும்புச் சட்டமும் இல்லை, போல்ட் போட ஓட்டையும் இல்லை, டிரெய்லர் விளக்குக்கு வயர் வரவேண்டிய இடமும் இல்லை. வழவழவென்று பிளாஸ்டிக், அவ்வளவுதான். யானை வாங்கினவன் அங்குசம் வாங்க மறந்த கதை என்று சிரித்துக்கொண்டே எழுந்தேன். நீ மறந்துவிட்டாய் என்றுதான் நினைத்தேன், அந்த நிமிஷம் வரைக்கும் உன்மேல் எனக்குக் கோபமே இல்லை.

மறுநாள் காலையில் உன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஷோரூமுக்குப் போனேன். அங்கே ஒரு தம்பி, கழுத்தில் டை, பத்தடிக்கு முன்னாலேயே சென்ட் வாசனை. உள்ளே போனதிலிருந்து அவன் உன் அப்பாவைப் பார்த்துத்தான் பேசினான். 'சார், இதுல பதினாறு ஸ்பீக்கர் சார், சார் இப்படி உக்காந்து பாருங்க சார்' என்று ஒரே சார் மயம். உன் அப்பா வாழ்க்கையில் சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியதில்லை, அவரும் பெரிய ரேஸ் டிரைவர் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் கேட்டேன், 'தம்பி, இது எவ்வளவு எடை இழுக்கும்?' அவன் உன் அப்பாவிடம் திரும்பி, 'மேடத்துக்கு லக்கேஜ் இடம் பத்திக் கவலை போல சார், பின் சீட்டை மடிச்சா ரெண்டு பெரிய பெட்டி வைக்கலாம் சார்' என்கிறான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வண்டி ஓட்டுகிறவள் நான், லைசென்ஸ் என் பையில் இருக்கிறது, கையில் இருபத்திரண்டு வருஷத்துக் காய்ப்பு இருக்கிறது, இவன் எனக்குப் பெட்டி வைக்கச் சொல்லிக் கொடுக்கிறான். புத்தகத்தைக் கொண்டுவா என்று வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அங்கேயே சோபாவில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்தேன். முன்சக்கரம் வழுக்கின பிறகுதான் பின்சக்கரம் வேலைக்கே வருமாம், அதுவும் கொஞ்ச நேரத்தில் சூடாகிவிட்டால் தானாக ஓய்வெடுத்துக்கொள்ளுமாம். இழுவைக் கொக்கி பொருத்தாமல் வெளிவரும் இந்த வகை எதையும் இழுக்க அனுமதி இல்லை என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தது. நான் அந்தக் கட்டத்தில் விரலை வைத்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன். அப்போதுதான் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினான். 'கொக்கியோட வர்ற மாடலும் இருக்கும்மா. நானே உங்க பொண்ணுகிட்டக் கேட்டேன். அவங்கதான் வேண்டவே வேண்டாம்னு எழுதிக் கொடுத்தாங்க' என்று அந்தத் தாளையும் எடுத்துக் காட்டினான்.

உன் வார்த்தைகளைத்தான் எழுதுகிறேன், நீயே படித்துக்கொள். 'எந்தக் காரணம் கொண்டும் இழுவைக் கொக்கி பொருத்தக் கூடாது. அம்மா நேரில் வந்து கேட்டாலும் முடியாது என்று சொல்லிவிடவும்.' எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அந்தத் தம்பிக்கு முன்னால், அந்தக் கண்ணாடி அறையில், நான் ஏதோ அலமாரிச் சாவியைத் திருடித் தின்பண்டம் எடுக்கிற குழந்தை மாதிரி நின்றேன். திரும்பி உன் அப்பாவைப் பார்த்தால், திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல முழித்துக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படிக்கிறார். வீட்டுக்கு வருகிற வழியிலேயே உண்மையைக் கக்கிவிட்டார். நான் உன்னிடம் சின்ன உரசல் என்று சொன்னதை அவர் நடந்தது நடந்தபடி உனக்குச் சொல்லியிருக்கிறார், மழை நாளில் பால்பண்ணைச் சரிவில் பழைய வண்டி ஏற முடியாமல் பின்னால் வழுக்கி, டிரெய்லர் மடங்கி, இரண்டும் சேர்ந்து வாய்க்காலில் இறங்கியதையும், என் நெற்றியில் நாலு தையல் போட்டதையும், பண்ணைக்காரரின் டிராக்டர் வந்து இரண்டையும் வெளியே இழுத்ததையும், பழைய வண்டி அதோடு உயிரை விட்டதையும். கூடவே, 'உங்கம்மாவுக்கு வயசாயிடுச்சும்மா, கை நிதானம் போயிடுச்சு, சொன்னாக் கேக்க மாட்டேங்கறா' என்று அழுதிருக்கிறார். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என் தொழிலை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சிவப்புப் பெயின்ட் அடித்து மூடிவிட்டீர்கள்.

உனக்கு மறந்துபோயிருந்தால் ஞாபகப்படுத்துகிறேன், உன் அம்மா மாட்டுக் குளம்பு வெட்டுகிறவள். மாட்டை நிறுத்திக் காலைத் தூக்கிக் கட்டுகிற இரும்புக் கூண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போக முடியாது, அதை இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். நீ படித்ததும் அந்தக் கூண்டுக் காசில்தான், உன் கல்யாணமும் அந்தக் கூண்டுக் காசில்தான். நீ ஆறு வயதில் டிரெய்லர் பின்னால் நின்றுகொண்டு, 'இடது எரியுது, வலது எரியுது, பிரேக் எரியல' என்று கத்துவாய், அந்தக் குரலைக் கேட்காமல் நான் வண்டியை எடுத்ததே இல்லை. அப்படிப்பட்ட நீ, என்னிடம் 'அம்மா, பயமா இருக்கு, விட்டுடு' என்று நேரே சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன், ஆனால் அதில் ஒரு மரியாதை இருந்திருக்கும். இது பரிசு கொடுத்துக் கையைக் கட்டுகிற வேலை. அன்றைக்கு மத்தியானம் சாப்பிடப் பிடிக்காமல், கொட்டகையில் கூண்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்து அழுதேன். அழுததை எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன், ஆனால் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, அழுது முடித்த பிறகு என்ன செய்தேன் என்று கேள். வண்டி வாங்கத் தெரியாதவள் என்று நினைத்தாய் அல்லவா, எப்படி வாங்க வேண்டும் என்று உனக்குச் சொல்கிறேன், கம்ப்யூட்டரில் இதையெல்லாம் போட மாட்டார்கள். முதலில் டிரெய்லரை மெக்கானிக்கின் வேனில் மாட்டி மாவுமில் எடைமேடைக்குக் கொண்டுபோனேன். நம் மெக்கானிக்கைத் தெரியுமே, எப்போதும் ஒரு நட்டை உதட்டில் கவ்விக்கொண்டே பேசுவான். வெறும் கூண்டு எழுநூற்று எண்பது கிலோ. ஜெனரேட்டர், குளம்பு தேய்க்கும் மெஷின், கத்திப்பெட்டி, மருந்து, தண்ணீர்க் கேன் எல்லாம் சேர்த்தால் தொள்ளாயிரத்து அறுபது. அந்த எடைக்கு டிரெய்லருக்கே சொந்த பிரேக் இருக்க வேண்டும், நம்முடையதில் இருக்கிறது, ஆகவே பிரேக் உள்ள டிரெய்லரை எவ்வளவு இழுக்கும் என்றுதான் கேட்க வேண்டும், பிரேக் இல்லாததற்குச் சொல்கிற கணக்கைக் கேட்டு ஏமாறக் கூடாது. அடுத்தது, டிரெய்லரின் மூக்கு கொக்கியில் எவ்வளவு பாரத்தோடு உட்காருகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு உன் அப்பாவின் குளியலறை எடைமெஷினை எடுத்து, மேலே ஒரு பலகை போட்டு, மூக்கை அதன்மேல் இறக்கினேன், அறுபத்தெட்டு கிலோ காட்டியது. அந்த மெஷின் பொய் சொல்லும், என்னையே மூன்று கிலோ கூட்டிக் காட்டும் என்று உன் அப்பா சத்தியம் செய்தார், அது வேறு கதை. அப்புறம் இழுக்கிற வண்டி இழுபடுவதைவிடக் கனமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வால் நாயை ஆட்டும். இதையெல்லாம் பார்த்தால் ஒரு பெரிய பிக்கப் வாங்கிவிடலாமே என்று மாப்பிள்ளை கேட்பார். பால்பண்ணைக் கொட்டிலுக்கும் தீவனக் கிடங்குக்கும் நடுவில் இருக்கிற சந்தில் அதைக் கொண்டுபோய்த் திருப்பிக் காட்டச் சொல், நான் மொட்டை அடித்துக்கொள்கிறேன். எனக்கு வேண்டியது குட்டை வண்டி, ஆனால் சேற்றில் நாலு சக்கரமும் ஒன்றாக உழைக்க வேண்டும், ஏற்றத்தில் மெதுவாகவும் பலமாகவும் இழுக்கத் தனி கியர் நெம்புகோல் இருக்க வேண்டும்.

மெக்கானிக்கும் நானும் இரண்டு நாள் அலைந்தோம். முதலில் பார்த்தது கரண்ட்டில் ஓடுகிற வண்டி, என்ன இழுப்பு, எருமை மாதிரி இழுத்தது. ஆனால் பாரம் கட்டினால் ஓடுகிற தூரம் பாதியாகிவிடுமாம், கடைசிப் பண்ணையில் போய் நின்றால் மாட்டுக்கொட்டில் பல்பில் சொருகியா சார்ஜ் போடுவது. இரண்டாவது, கியரே மாற்ற வேண்டாம், உள்ளே ஒரு பெல்ட் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். மெக்கானிக் நட்டைத் துப்பிவிட்டு, 'அக்கா, தினம் ஒரு டன் இழுத்தா இது ரெண்டு மழைக்குத் தாங்காது, பெல்ட் வெந்துடும்' என்றான். மூன்றாவது எங்கே கிடைத்தது தெரியுமா, மாட்டு டாக்டரம்மா வீட்டில். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், ஆறு வருஷமாகச் சேற்றிலேயே ஓட்டின பச்சை வண்டி, பார்க்கத் தகரப் பெட்டி மாதிரி சதுரமாக இருக்கும், பின் சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்தால் சண்டை வரும், வேகமாகப் போனால் காற்றுச் சத்தத்தில் பேச முடியாது. ஆனால் கொக்கி இருக்கிறது, தனி நெம்புகோல் இருக்கிறது, பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் ஆயிரத்து முந்நூறு கிலோ வரை இழுக்கலாம் என்று கதவோரத்துத் தகட்டிலும் புத்தகத்திலும் இருக்கிறது, வண்டியின் எடையும் சரியாக இருக்கிறது. டாக்டரம்மா சொன்னார், 'ரெண்டு நாள் எடுத்துட்டுப் போ, உன் கூண்டைக் கட்டி, நீ விழுந்த அதே சரிவுல ஏத்திப் பாரு. ஏறினா வாங்கிக்கோ, ஏறலன்னா வேண்டாம்'. வண்டி விற்கிறவர் இப்படிப் பேச வேண்டும், அந்த டை தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நிறுத்திக் காட்ட வேண்டும் போல இருந்தது. நாளைக்கு மறுநாள் ஏற்றப்போகிறேன்.

பால்பண்ணைக்காரருக்கும் சேதி போய்விட்டது. அவர் மீசையைத் தடவிக்கொண்டு, 'டிராக்டரை ஸ்டார்ட் பண்ணியே வச்சிருக்கட்டுமாம்மா?' என்று கேட்டார், கொட்டிலில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவருடைய மாடுகளில் பதினொன்று இப்போதே நொண்டுகின்றன, அந்தக் காதில் வெள்ளைப் புள்ளி போட்ட பசு மூன்று காலில்தான் நிற்கிறது, பார்க்கச் சகிக்கவில்லை. இந்த மாதத்துக்குள் நான் வராவிட்டால் லாரியோடு வருகிற வேறு ஆளை வருஷம் முழுவதற்கும் பேசிவிடப்போவதாகச் சொல்லிவிட்டார். அந்தப் பண்ணை போனால் மற்ற பண்ணைகளும் ஒவ்வொன்றாக அந்த ஆளிடம் போய்விடும், அதற்குப் பிறகு நான் சிவப்பு வண்டியில் சீட்டைச் சூடாக்கிக்கொண்டு கடைக்குப் போய் வரலாம். இதற்கு நடுவில் உன் அப்பா என்ன செய்கிறார் என்றால், திருப்பிக் கொடுக்கப்போகிற அந்தச் சிவப்பு வண்டிக்குக் கெட்டியான கித்தான் துணியில் சீட் கவர் தைக்கிறார்! காலையிலிருந்து கடகடவென்று மெஷின் ஓடுகிறது. எதற்கு இந்த வீண் வேலை என்று கத்தினேன், மெஷினை இன்னும் வேகமாக ஓட்டுகிறார். செவிடன் காதில் ஊதிய சங்குதான். போன வாரம் வரை வம்பளந்துகொண்டிருந்த மனுஷர், இரண்டு நாளாக என் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை, உன்னிடம் கோள் சொன்ன குற்றவுணர்ச்சி போல.

இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன். கதவைச் சாத்திக்கொண்டுதான் எழுதுகிறேன். அன்றைக்கு வண்டி வழுக்கியதற்குக் காரணம் என் வயசு இல்லை, கை நிதானமும் இல்லை. பழைய வண்டியின் முன்சக்கர ஓட்டம் போன வருஷமே செத்துப்போயிருந்தது, பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும், அதைத் தெரிந்தே ஓட்டியது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே சரிவில் அதே வண்டியை அதற்கு முன்னால் எத்தனையோ மழையில் ஏற்றியிருக்கிறேன். தண்ணீர்க் கேன் நாலும் எப்போதும் டிரெய்லரின் முன்பக்கம்தான் இருக்கும், நூறு கிலோ, அந்தப் பாரம் கொக்கியில் அழுத்துவதால்தான் வண்டியின் பின்சக்கரம் மண்ணைப் பிடிக்கும். தினமும் கேன் ஏற்றிய பிறகு டிரெய்லர் மூக்கைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுவேன், உனக்குத் தெரியும். அன்றைக்கு முந்தின சாயங்காலமே மாட்டி வைத்துவிட்டேன், ஆகவே தூக்கிப் பார்க்கவில்லை, பின்பக்கம் போகவும் இல்லை. காலையில் உன் அப்பா எனக்கு உதவி செய்கிறேன் என்று, முழங்கால் வலியோடு இவள் கூண்டைத் தாண்டி ஏற வேண்டாமே என்று, நாலு கேனையும் பின்னால் கைக்கு எட்டுகிற இடத்தில் ஏற்றிக் கட்டியிருக்கிறார். சரிவில் ஏறும்போது பின்பாரம் டிரெய்லரின் மூக்கைத் தூக்கியது, மூக்கு வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கியது, சக்கரம் வெறுமனே சுற்றியது. வாய்க்காலில் இறங்கி நின்ற பிறகு, நெற்றியில் ரத்தத்தோடு வெளியே வந்து பார்க்கிறேன், கேன்கள் தண்ணீரில் மிதக்கின்றன, பின்கம்பியில் கயிறு மட்டும் கட்டியபடி இருக்கிறது. அந்த முடிச்சைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. தையல்காரர் முடிச்சு, உலகத்தில் அதை அப்படிப் போடுகிறவர் ஒருவர்தான். டிராக்டர் வருவதற்குள் அதை அவிழ்த்து என் பையில் போட்டுக்கொண்டேன், இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை.

சொன்னால் அந்த மனுஷர் தாங்கமாட்டார். பேத்தி நம் வீட்டில் கட்டிலிலிருந்து விழுந்ததற்கே, கட்டிலை அங்கே போட்டது நான்தான் என்று ஒரு வாரம் தூங்காதவர். அதனால் கை தவறிவிட்டது என்று நானே அவரிடம் சொன்னேன். இப்போது பார், அவரைக் காப்பாற்றச் சொன்ன பொய்யை அவரே எடுத்துக்கொண்டு வந்து உன்னிடம் கொடுத்து, நீ அதை வைத்தே என் கொக்கியை வெட்டிவிட்டாய். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது, ஆனால் யார்மேல் காட்டுவது, அதுதான் உன்மேல் காட்டுகிறேன். டிரெய்லர் தரையில் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு போட்டிருக்கிறேன், இனிமேல் தண்ணீர் அந்தக் கோட்டுக்கு முன்னால்தான். ஏன் இந்தக் கோடு என்று உன் அப்பா கேட்டார், சும்மா அழகுக்கு என்றேன். நீ இதைச் செத்தாலும் அவரிடம் சொல்லக் கூடாது, மாப்பிள்ளையிடமும் வேண்டாம், அவர் போனில் உளறிவிடுவார்.

இதுவரை செவ்வாய்க்கிழமை எழுதியது. இன்றைக்கு வியாழன், மிச்சத்தை எழுதுகிறேன். காலையில் பச்சை வண்டியை எடுக்கப் போனேன். உன் அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு, கையில் அந்தக் கித்தான் துணியைச் சுருட்டிக்கொண்டு, 'நானும் வர்றேன்' என்று நின்றார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட என்கூட வேலைக்கு வந்தவர் இல்லை. சாணி வாசனையே ஆகாது. சீட் கவர் போடவா வருகிறீர்கள் என்று ஏளனமாகக் கேட்டேன். டிரெய்லரிடம் போய்த் துணியை விரித்தார். அது சீட் கவரே இல்லை. நாலு பைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கேன் கச்சிதமாக உட்காருகிற அளவு, அடியில் இரட்டைத் தையல், மேலே பக்கிள் வைத்த பட்டை. மஞ்சள் கோட்டுக்கு முன்னால், கம்பியில், நாலையும் ஒவ்வொன்றாகக் கட்டினார். அதே முடிச்சு. 'தண்ணி முன்னாடியே இருக்கட்டும், மெக்கானிக்கிட்டக் கேட்டேன், அவன் எல்லாம் சொன்னான்' என்றார், என்னைப் பார்க்காமல் முடிச்சைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கோடு எதற்கு என்று என்னிடம் கிடைக்காத பதிலைத் தேடி, அங்கே போய்க் கேட்டிருக்கிறார். இத்தனை நாள் என் முகத்தைப் பார்க்காமல் இருந்ததற்கு இதுதான் காரணம், நான்தான் தெரியாமல் அவர்மேல் கத்தித் தீர்த்தேன். கேனில் தண்ணீர் பிடித்து நாலையும் அவரே தூக்கி வைத்துப் பக்கிளைப் போட்டார். பிறகு குனிந்து, டிரெய்லர் மூக்கை இரண்டு கையாலும் பிடித்து, நான் எப்படித் தூக்கிப் பார்ப்பேனோ அதே மாதிரி மெல்லத் தூக்கி, இறக்கி, 'எனக்குச் சரியாத்தான் தெரியுது, நீ ஒரு தடவை பாரு' என்றார். நானும் தூக்கிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

சரிவில் ஏறிவிட்டோம், பயப்படாதே. முந்தின நாள் மழை, சேறு கணுக்கால் வரை இருந்தது, மீசைக்காரர் நிஜமாகவே டிராக்டரை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு மேலே நின்றார். நெம்புகோலைப் போட்டு, ஒரே சீராக, ஒரு தடவைகூடச் சக்கரம் சுற்றாமல் ஏறியது. பக்கத்துச் சீட்டில் உன் அப்பா கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார், மேலே போய் நிறுத்தி வந்தாச்சு என்று நான் சொன்ன பிறகும் திறக்கவில்லை. மீசைக்காரர் டிராக்டரை அணைத்தார், அதுவே எனக்குப் போதும். அங்கேயே கூண்டை இறக்கி அந்த வெள்ளைப்புள்ளிப் பசுவைப் பார்த்தேன், குளம்புக்குள் ஒரு கல் சிக்கிச் சீழ் வைத்திருந்தது, எடுத்துக் கட்டுப் போட்டுவிட்டேன், சாயங்காலம் நாலு காலையும் ஊன்றி நின்றது. உன் அப்பா தூரத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி நீ செய்ய வேண்டியது. சிவப்பு வண்டி உன் பெயரில் இருக்கிறது, வந்த நாளிலிருந்து பதினாலு நாளுக்குள் உன் கையெழுத்தோடு தாள் வந்தால்தான் ஷோரூமில் திரும்ப எடுத்துக்கொள்வார்களாம், அதாவது அடுத்த வியாழன். தாளை இதோடு வைத்திருக்கிறேன், மூன்று இடத்தில் பென்சிலால் குறி போட்டிருக்கிறேன். பச்சை வண்டியை நானே வாங்கிக்கொள்கிறேன். நீ ஆசையாகத்தான் செய்தாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை, அப்பா அனுப்பிய நெற்றித் தையல் போட்டோவைப் பார்த்து நீ எப்படித் துடித்திருப்பாய் என்றும் தெரியும். ஆனாலும் அடுத்த தடவை பயம் வந்தால் என்னிடம் சொல், கடைக்காரனிடம் எழுதிக் கொடுக்காதே. அப்பாவிடம் இதைப் பற்றி எதுவும் பேசாதே என்று மேலே எழுதினேனே, அதை இப்போதும் அப்படியே வைத்துக்கொள். அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும், அதற்குமேல் எங்களுக்குள் பேச ஒன்றும் இல்லை. நாளைக்கும் வருகிறாராம், மூக்கில் கட்டிக்கொள்ள ஒரு துணி தைத்துக்கொண்டிருக்கிறார்.

பேத்திக்கு இருமல் விட்டதா, இல்லையென்றால் டாக்டரிடம் காட்டு, கம்ப்யூட்டரைப் பார்த்து வைத்தியம் செய்யாதே. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, கூன் போட்டு உட்காராதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். மூவரும் நோய்நொடி இல்லாமல், மனசில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு, நூறு வருஷம் நன்றாக இருங்கள். கொக்கி வேண்டாம் என்று எழுதிய அதே கையால் அந்த மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பிவிடு, பட்டாணி.

இப்படிக்கு,
கோபம் முக்கால்வாசி இறங்கிய உன் அம்மா